ஒரு துளி போக மிச்சமெல்லாம்

ஏலே கடலான்,

நேற்றுச் சாயங்காலம் மாதா கோயில் வாசலில் நம் ஆபீஸ் நெடி அடித்தது. திருவிழாக் கூட்டத்தில் ஒரு பலூன்காரன், சைக்கிளுக்குப் பின்னால் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி வைத்து, அதற்குள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் போட்டு அங்கேயே கேஸ் உண்டாக்கிக்கொண்டிருந்தான். மூக்கைப் பொசுக்கும் அந்தக் காரமும், புது ரப்பரில் தூவிய பவுடரும், சூடேறிய இரும்பும் கலந்து வந்தன. என் கால் அப்படியே நின்றுவிட்டது. கூட வந்த மகள், "என்னப்பா, மயக்கமா வருதா?" என்று தோளைப் பிடித்தாள். "ஒண்ணுமில்ல, பழைய சிநேகிதன் ஒருத்தன் வந்துட்டுப் போறான்" என்றேன். அவள் கூட்டத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தாள், பாவம்.

ஒரு பலூன் வாங்கினேன். பலூன் வாங்கி, அதை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காமல், நூலை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிற கிழவனை ஊரே பார்த்தது. பார்க்கட்டும். அது கோபுரத்தைத் தாண்டி ஏறியது. மேற்கேயிருந்து கச்சான் காற்று தள்ள, துறைமுகத்துப் பக்கமாகச் சாய்ந்து போனது. என் வாய் தன்னால் முணுமுணுத்தது, "எத்தனை டிகிரிலே?" என்று. பதில் சொல்ல நீ இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். படிக்க நீ இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக உன்னிடம் பேசுவதை நிறுத்து என்று எவன் எனக்கு உத்தரவு போட்டான்?

நாம் சேர்ந்தது உலக யுத்த காலத்தில். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் பனங்காட்டிலிருந்து வந்தவன் நான். கடல்காற்று மேலே பட்டாலே தும்முவேன். நீ கடற்கரைத் தெருவில் பிறந்தவன், காற்றை முகர்ந்தே மழை வருமா வராதா என்று சொல்லுகிறவன். துறைமுகத்தை ஒட்டி இருந்த அந்தச் சின்ன வானிலை ஆபீசில் நம் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாளே நீ என்னைப் பனங்காட்டான் என்றாய், நான் உன்னைக் கடலான் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை.

நம் வேலையை இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். "பலூன் விடுறதுக்குச் சம்பளமா தாத்தா?" என்கிறார்கள். ஹைட்ரஜன் கேஸ் நிரப்பிப் பலூனை விட வேண்டும், அது காற்று தள்ளிய பக்கமெல்லாம் போகும். தியோடலைட் என்கிற தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்து அதன் பின்னாலேயே போய், நிமிஷத்துக்கு நிமிஷம் அது நிற்கும் கோணத்தைச் சொல்ல வேண்டும். அதைக் கொண்டு எந்த உயரத்தில் எந்தக் காற்று என்ன வேகத்தில் அடிக்கிறது என்று கணக்குப் போட்டுத் தந்தி அடிப்போம். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். கேஸ் பிடிப்பதும் எழுதுவதும் நான், பார்ப்பது நீ. நீ கண்ணாடியில் கண்ணை வைத்துவிட்டால் பிறகு இந்த உலகத்தில் இருக்க மாட்டாய். காலைப் பலூன் உப்பளங்களுக்கு மேலே போகும், வெள்ளை வெளேரென்று. தோணிகள் பாய் விரித்து நிற்கும். பலூன் மிளகளவு ஆகி, கடுகளவு ஆகி, பிறகு உன் கண்ணுக்கு மட்டும் இருக்கும். "இருக்குலே, இருக்கு, இன்னும் இருக்கு" என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டே இருப்பாய். பிறகு சட்டென்று, "போச்சு" என்பாய். மேலே ஏற ஏற அது உப்பி, தாங்காமல் வெடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் வீட்டில் யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி உன் முகம் தொங்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். காரணம் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.

உன் அப்பா தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியை நடத்துகிறவர். அதற்கு முன்னால், இளவட்டத்தில், முத்துக் குளித்தவர். மூச்சுக்கு அவர்தான் என்று கடற்கரையே சொல்லும். கூடக் குளித்தவர்கள் எல்லாம் மேலே வந்து தலை துவட்டிய பிறகுதான் அவர் வருவாராம். வந்ததும் ஒரு மூச்சு விடுவாராம் பார், புயல் ஓய்ந்த மாதிரி. உன் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டாளாம். "மொகத்த அப்புறமாத்தான் தம்பி பாத்தேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள், குசினியில் மீன் ஆய்ந்துகொண்டே.

நாம் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருடைய தோணி கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை. குண்டு பட்டதா, சுழலில் சிக்கியதா, யாருக்கும் தெரியாது. ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. உடம்பு இல்லை, குழி இல்லை. சாமியார் வந்து மரித்தோர் பூசை வைக்கலாம் என்றார். உன் அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அழவும் இல்லை. கல்லறைத் திருநாளுக்குத் தெருவே மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அவள் மட்டும் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் கிழக்கே கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்பியதும் கடலைப் பார்த்த வாசலைத் திறந்து போட்டு, நிலையில் சாய்ந்து நின்று, வாயைக் கொஞ்சம் திறந்து காற்றை உள்ளே இழுப்பாள். நான் முதல் தடவை பார்த்தபோது ஆஸ்துமா என்று நினைத்தேன்.

"கடலு ஒடம்ப வச்சிக்கிடட்டும் தம்பி. அவுக விட்ட மூச்சு காத்துலதானே கெடக்கும்? காத்து இங்கனதானே வருது?" என்றாள். அத்தனை நிதானமாகச் சொன்னாள்.

உனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அவ ஒரு தடவ அழுதுட்டாப் போதும்லே" என்பாய். "ஒரு தடவ வாய்விட்டு அழுதுட்டா அவளுக்கு அப்பா செத்துட்டாவன்னு ஆயிரும். அழவே மாட்டேங்கா. இப்படியே காத்தத் தின்னுக்கிட்டு நின்னா ஒருநாள் அவளும் போயிருவா." அந்தக் காலத்தில் உனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். வயிறு நிறையச் சாப்பிட மாட்டாய். வேலை நேரத்தில் பலூனைப் பார்ப்பாய், வேலை முடிந்தால் அம்மாவைப் பார்ப்பாய்.

இந்த நேரத்தில்தான் உனக்கு அந்தக் கேள்வி பிறந்தது. "பலூன் வெடிக்குதுல்லா? ரப்பர் கீழ விழுந்துரும். உள்ள இருந்த கேஸு எங்கன போவும்?"

நான் போய் அதிகாரியைக் கேட்டேன். வடக்கேயிருந்து வந்த மனுஷர், நல்லவர். அவர் தமிழ் பேசினால் இங்கிலீஷே தேவலை என்று இருக்கும். கையை மேலே மேலே உயர்த்திக் காட்டி, "லேசு கேஸ், போகும், போகும், பூமி விட்டே போகும்!" என்றார். ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் உனக்குப் பொறுக்கவில்லை. கேட்ட அரை வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டாய்.

போய் என்ன சொன்னாய் என்று மறுநாள் நீயே சொன்னாய். "அம்மா, அப்பா மூச்ச இங்கன தேடாத. லேசான காத்து உச்சிக்குப் போயி, அதுக்கு மேல பூமிய விட்டே போயிருதாம். பெரிய புஸ்தகத்துல இருக்கு. அப்பா நேரா மோட்சத்துக்குத்தான் போயிருப்பாவ." கேட்டதும் உன் அம்மா அழுவாள், அழுதால் ஆறுவாள் என்று உன் கணக்கு. பலூன் ஆபீஸ்காரன் என்கிற பெருமையும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லாதே. அவள், "பூமிய விட்டேவா?" என்று கேட்டாள். நீ ஆமாம் என்றாய். எழுந்து போய்க் கடல் பக்கத்து வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை. கொண்டல் வந்து கதவைத் தட்டும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. நீ கேஸ் அறைக்குப் பின்னால் வந்து சுவரில் தலையைச் சாய்த்து நின்றாய். "நல்லதுன்னு நெனச்சுத்தானலே சொன்னேன். நின்னுக்கிட்டாவது இருந்தா. இப்போ படுத்துட்டா" என்றாய். உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

அந்தப் புத்தகத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவர் நிழலில், கடலை கொறித்துக்கொண்டு. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, உனக்கு அந்த அரையும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாக் காற்றும் ஒரே வேகத்தில் ஓடாது, எது லேசோ அதுதான் துடியாக ஓடும் என்று போட்டிருந்தது. துடியாக ஓடினால் கீழேயே போய்விட வேண்டியதுதானே, ஏன் உச்சிக்குப் போய்த்தான் தப்பிக்கிறது என்று நீ மடக்கினாய். எனக்குத் தேர்க் கூட்டம்தான் கைகொடுத்தது.

"தேரு அன்னைக்கு நடுக் கூட்டத்துல மாட்டிக்கிட்டா ஓட முடியுமாலே?"

"எங்கன ஓட? முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். இடிபட்டு அங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

"கூட்டத்துக்கு ஓரத்துல, ஆளே இல்லாத எடத்துல நிக்கவன்?"

"அவன் ஓடிருவான்."

"எல்லாரும் ஓடிருவானா?"

நீ யோசித்தாய். "துடியான பயதான் ஓடுவான். தொந்திக்காரரு நாலு எட்டு வச்சிட்டு மூச்சு வாங்கித் திரும்பி வந்துருவாரு."

"அதேதாம்லே. கீழ காத்து நெருக்கமா இருக்கு, ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டே கெடக்கு. உச்சியில காத்து நைஞ்சு போயி மோத ஆளே இல்ல. அங்கன மேல பாத்து ஓடுறது பூமி இழுக்குற இழுப்பையும் மிஞ்சி ஓடிட்டா, திரும்பி வராது. ஹைட்ரஜன் ஓடும், ஹீலியம் ஓடும். மத்ததெல்லாம் தொந்திக்காரன், போக மாட்டான்."

நம் பலூனில் இருந்த கேஸ்கூட அன்றைக்கே ஓடிவிடாது, எத்தனையோ காலம் அலைந்து திரிந்து, வழியில் வேறொன்றோடு சேராமல் தப்பியதுதான் ஓரத்துக்குப் போகும் என்றும் படித்தோம். பிறகு நீ கேட்டாய், "அப்பா மூச்சுல என்னென்ன இருக்கும்லே?" நான் சொன்னேன். நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு. எல்லாம் கனம். பூமி விடாது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ எங்கப்பா மூச்சு தொந்திக்காரன்தானா?" என்று கேட்டுச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினாய். கடலைக் காகிதம் பறந்து போனது.

ஆனால் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. மூச்சில் ஈரமும் உண்டு. அந்த ஈரம் ரொம்ப உயரத்துக்கு ஏறிவிட்டால் அங்கே இருக்கிற கொடு வெயில் அதை உடைத்துவிடும், உடைந்ததில் ஹைட்ரஜன் மட்டும் நழுவிப் போகலாம் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. இதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். எதற்கு வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட வேண்டும்? நீதான் கேட்கவில்லை. "பாதியச் சொல்லித்தாம்லே இந்தக் கதி. இந்தத் தடவ முழுசாச் சொல்லுவோம்" என்றாய்.

குசினியில் போய் உட்கார்ந்தோம். அவள் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீ வாயைத் திறந்ததும், "நீ சும்மா இரி. ஏற்கெனவே ஒங்கப்பாவ மோட்சத்துக்கு ஏத்தி அனுப்பிட்டே. தம்பி, நீ சொல்லு" என்றாள். நான் தேர்க் கூட்டத்தில் ஆரம்பித்தேன். துடியான பயல், தொந்திக்காரர், எல்லாம் சொன்னேன். அவள் அம்மியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறியது. அதையும் சொல்லி முடித்தேன்.

"அப்போ ஒரு துளி போவும். மத்ததெல்லாம் இங்கனதான் சுத்திக்கிட்டுக் கெடக்கும். அப்படித்தானே?"

"அப்படித்தாம்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு துளி ஆண்டவருக்குப் போட்டும். மிச்சமெல்லாம் எனக்கு."

எழுந்து போனாள். தாழ்ப்பாள் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. நீ எழுந்திருக்கப் பார்த்தாய், நான் உன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன். தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினாள். கதவு திறந்தது. அடேயப்பா, அந்தக் காற்று! குசினியில் இருந்த முறமெல்லாம் கீழே விழுந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள், பழையபடி. அப்போதும் அழவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்று மறுநாள் வந்து சொன்னாய். என்னமோ சம்பள உயர்வு வந்த மாதிரி சொன்னாய்.

யுத்தம் முடிந்தது. துறைமுகத்து விளக்குகளுக்குப் போட்டிருந்த கறுப்பு மறைப்பெல்லாம் எடுத்தார்கள். இருட்டின பிறகு பலூன் விடவும் அனுமதி வந்தது. இருட்டில் பலூன் தெரியாதே, அதனால் நீள நூலின் நுனியில் ஒரு காகித விளக்கைக் கட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றி விடுவோம். அந்த வெளிச்சத்தைத்தான் நீ கண்ணாடியில் பிடித்துக்கொண்டு போவாய். முதல் தடவை விட்டபோது, கடலில் இருந்து வந்துகொண்டிருந்த வள்ளக்காரர்கள் அதை நட்சத்திரம் என்று எண்ணித் திசை பார்க்கப் போய், நட்சத்திரம் நகருகிறதே என்று குழம்பி, கரைக்கு வந்து ஆபீஸ் வாசலில் நின்று நம்மைத் திட்டினார்களே! "ஏலே, ஆண்டவரு வச்ச வெளக்கு பத்தாதுன்னு நீங்க வேற வைக்கியளா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நீ அண்ணாச்சி அண்ணாச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டாய். அந்தக் கதை தெருவெல்லாம் சுற்றி உன் அம்மா காதுக்கும் போனது.

கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முதல் நாள் அவள் ஒரு மெழுகுதிரியோடு ஆபீசுக்கு வந்து நின்றாள். கோயிலில் மந்திரித்த மெழுகுதிரி. "எல்லாத்துக்கும் குழி இருக்கு, போயி ஏத்துதாவ. எனக்கு எங்கன இருக்கு? ஒங்க வெளக்குக்குள்ள இத வச்சி விடுவியளா?" என்று கேட்டாள். குழி என்கிற சொல் அவள் வாயாலேயே வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையை நீட்டி மெழுகுதிரியை வாங்கிக்கொண்டாய்.

ஆனால் அதில் ஒரு சங்கடம். ஆபீஸ் மெழுகுதிரி சின்னது. இதுவோ முழங்கை நீளம். கனம் கூடினால் பலூன் ஏறும் வேகம் குறையும், அன்றைய கணக்கெல்லாம் தப்பாகிவிடும். நீ தராசில் வைத்துப் பார்த்து, ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சரியான எடைக்குக் கொண்டுவந்தாய். அப்போது அதிகாரி உள்ளே வந்தார். தராசைப் பார்த்தார், வெளியே வேலி ஓரமாக முக்காடு போட்டு நின்ற உன் அம்மாவைப் பார்த்தார். "வெயிட் சரி?" என்றார். "சரி சார்" என்றாய். "அப்போ நான் பாக்கலை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பாரோமீட்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். வெட்டி எடுத்த துண்டை உன் அம்மா கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலத்தை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன்! அடை மழைக்கு நடுவே தெளிந்த ஒரே சாயங்காலம். மேற்கே கொஞ்சம் செம்மை மிச்சம் இருந்தது. உப்பளத்தில் தேங்கிய தண்ணீரெல்லாம் அதே நிறம். கேஸ் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் நான் பலூனைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றேன். அத்தனை நூலுக்கும் அந்தப் பக்கம், சுவர் மறைவில், நீ விளக்கை ஏந்திக்கொண்டு நின்றாய். தீக்குச்சி உன் அம்மா கையில். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை உன் இரண்டு கைகளுக்குள்ளே வைத்துப் பொத்தி ஏற்றினாள். "விடுலே!" என்றாய். விட்டேன்.

பலூன் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் உன் கையை விட்டுத் தானாக எழும்பின மாதிரி இருந்தது. நீ ஓடி வந்து கண்ணாடியில் கண்ணை வைத்தாய். நான் பேனாவை எடுத்தேன். வழக்கம்போலக் கோணம் சொல்ல ஆரம்பித்தாய். வெளிச்சம் ஏறியது, ஏறிக்கொண்டே சாய்ந்தது. உன் அம்மா வேலியை விட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏம்லே, கடலு அங்கனயில்லா கெடக்கு? வெளக்கு இந்தப் பக்கம் போவுது?"

நீ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய், "கொண்டல் அடிக்கும்மா. கரைப் பக்கமாத்தான் தள்ளும்."

"கரைக்கா?"

"ஆமா."

அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். விளக்கு வீடுகளைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, எங்கள் பனங்காட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கரைக்கு வாராவலே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு குரல் ஏறியது. "ஒங்கப்பா கரைக்கு வாராவலே! கரை ஏறிட்டாவலே!" அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஓ என்று அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை அது. பாரோமீட்டர் பக்கத்தில் நின்ற அதிகாரி தொப்பியைக் கழற்றினார். நீ கோணம் சொல்லுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விளக்கு கை நழுவிவிடும் என்று உனக்குத் தெரியும். "இருக்குலே, இருக்கு, இன்னும் இருக்கு" என்று அழுதுகொண்டே சொன்னாய். அந்தக் கண்ணாடியில் நீ எதைப் பார்த்தாயோ, நான் எதை எழுதினேனோ, உங்கள் மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

மடியில் இருந்த துண்டை மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனாள். நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றினாள். அந்த மாசமே சாமியாரைப் பார்த்துப் பூசை வைத்தாள். அதற்குப் பிறகும் கொண்டல் எழும்பினால் வாசலைத் திறப்பாள், ஆனால் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களோடு வாயடித்துக்கொண்டு. அவள் போகும் வரைக்கும் அப்படித்தான்.

நமக்கும் வயதானது. நான் ஓய்வு பெற்று ஊருக்குப் போனேன். நீ கடற்கரைத் தெருவை விட்டு நகரவில்லை. போன ஐப்பசியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்து, பஸ் பிடித்து ஓடி வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாய். என்னைப் பார்த்ததும், "பனங்காட்டான், என்னலே, நான் லேசாயிட்டேனா?" என்று கேட்டாய். உடம்பு நார் நாராகப் போயிருந்தது. "போலே தொந்திக்காரா, ஒன்ன எவன் விடுவான்?" என்றேன். நீ சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்தது. எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கொண்டல் எழும்பியது. சாரல் உள்ளே அடித்தது. நர்சம்மா ஜன்னலைச் சாத்த வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டில் ஓரத்தில் இருந்த உன் மகன் எழுந்துவிட்டான். "இருக்கட்டும் சிஸ்டர், சாத்தாதீய" என்று சொல்லி, சாத்தியிருந்த இன்னொரு கதவையும் திறந்து விட்டான். அவனிடம் நீ எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நீ ஒரு மூச்சு விட்டாய், நீளமாக. அடுத்தது வரவில்லை. உன் மகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். உன் அப்பா முத்துக் குளித்து மேலே வந்ததும் விடுவாராமே, அந்த மூச்சை நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

நேற்று விட்ட பலூன் இந்நேரம் கடலுக்கு மேலே எங்கேயாவது வெடித்திருக்கும். அதில் இருந்தது அலைந்து திரிந்து எந்தக் காலத்திலாவது ஓரத்துக்குப் போய்ச் சேரட்டும். போகிறபோது உன் மூச்சிலும் ஒரு துளியைக் கூட்டிக்கொண்டு போகட்டும், உன் ஆண்டவருக்கு. இங்கே இப்போது கச்சான் ஓய்கிற காலம். இன்னும் கொஞ்ச நாளில் கொண்டல் வந்துவிடும். என் வீட்டில் கிழக்குப் பக்கத்து ஜன்னல் காற்றில் சாத்திக்கொள்கிறது என்று இன்று காலையில் ஆசாரியைக் கூட்டிவந்து, அது திறந்தே நிற்கக் கொக்கி போட்டுவிட்டேன். மகள் எதற்கு என்று கேட்டாள், சொன்னால் உனக்குப் புரியாது என்றேன்.

மிச்சமெல்லாம் எனக்குலே. கேட்டியா?

பனங்காட்டான்